தொழுவத்திற்குச் சூரிய விசிறி: வைப்பின் தீவுக்கு ஒரு கணக்கு

கால்நடை வளர்ப்பில் இனம், தீவனம், நோய்த் தடுப்பு ஆகியவற்றுக்குத் தரப்படும் கவனம் தொழுவத்தின் காற்றோட்டத்திற்குத் தரப்படுவதில்லை. ஆயினும் கேரளக் கடற்கரையில் பால் உற்பத்தியைக் குறைக்கும் காரணங்களுள் வெப்பம் முக்கியமானது. சூரிய ஒளியால் இயங்கும் மின்விசிறி இதற்கு எந்த அளவுக்குத் தீர்வாகும் என்பதைக் கொச்சியை அடுத்த வைப்பின் தீவின் சூழலில் வைத்து ஆராயலாம்.

கலப்பினப் பசுவும் ஈரக் காற்றும்

மேற்கே அரபிக் கடலும் கிழக்கே உப்பங்கழியும் சூழ்ந்த இத்தீவு சுமார் 25 கிலோமீட்டர் நீளமுடையது. இங்கு வெப்பத்தோடு ஈரப்பதமும் மிகுதி. கேரளத்தில் 1963இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் பால் வளத்தைப் பெருக்கியது. இன்று மாநிலத்தின் மாடுகளில் பெரும்பான்மை கலப்பினமே. குளிர்நாட்டு இரத்தம் கலந்த பசு வெப்பத்தை எளிதில் தாங்குவதில்லை.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியெண் 72ஐத் தாண்டினால் கறவை மாட்டின் உடல் தளரத் தொடங்கும் என்பது பொதுவான அளவுகோல். வெப்பம் 32 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 75 விழுக்காடு எனில் இக்குறியெண் ஏறக்குறைய 85 ஆகிறது. அந்நிலையில் பசு தீவனத்தைக் குறைக்கிறது, பால் குறைகிறது, சினை பிடிப்பதும் தடைப்படுகிறது. வியர்வைச் சுரப்பிகளே இல்லாத கோழி வாய் திறந்து மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்க வேண்டியுள்ளது.

எந்தக் குளிர்ச்சி பயன்தரும்?

வறண்ட பகுதிகளில் பசுமைக்குடிலின் ஒரு பக்கம் நனைந்த திரையும் மறுபக்கம் காற்றை வெளியேற்றும் விசிறியும் அமைத்துக் காற்றையே குளிர்விப்பர். ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடற்கரைக் காற்றில் இம்முறை அவ்வளவாகப் பலிக்காது. இங்கு வேண்டுவது காற்றின் ஓட்டம். பசுவின் மேல் நீர் தெளித்து விசிறியை ஓடவிட்டால், தோலின் ஈரம் ஆவியாகி உடல் தணியும். கோழிக் கொட்டிலிலும் பசுமைக்குடிலிலும் தேங்கிய வெப்பக் காற்றை வெளியேற்றினாலே பயன் கிட்டும்.

மின்சாரக் கணக்கு

நேர்மின்னோட்டத்தில் இயங்கும் 40 வாட் விசிறி ஒன்று பகலில் 7 மணி நேரம் ஓடினால் 280 வாட்-மணி, அதாவது 0.28 யூனிட் செலவாகும். 100 வாட் சூரியத் தகடு ஒன்று தெளிந்த வானமுள்ள நாளில் ஏறக்குறைய 400 வாட்-மணி தரவல்லது. வெயில் உச்சத்தில் இருக்கும்போதே தேவையும் உச்சத்தில் இருப்பதால் பகல் பயன்பாட்டிற்கு மின்கலம் கட்டாயமன்று. ஆனால் புழுக்கமான இரவுகளில் விசிறி ஓட மின்கலமோ பொது மின்சாரமோ வேண்டும்.

இங்கு ஒரு வினா எழுகிறது. கேரளத்தின் எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு கிடைத்துவிட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. இணைப்புள்ள இடத்தில் சூரிய விசிறி மாதத்திற்கு மிச்சப்படுத்துவது ஏறக்குறைய 8 யூனிட்டே. தகட்டின் விலையை இச்சேமிப்பைக் கொண்டு மட்டும் ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். எனவே விசிறியின் பயனை அது காக்கும் பாலைக் கொண்டு அளப்பதே முறை. ஒரு பசு நாளுக்கு அரை லிட்டர் பால் கூடுதலாகத் தந்தாலும், அதன் விலை விசிறி உண்ணும் மின்சாரத்தின் விலையைப் பன்மடங்கு விஞ்சும்.

ஆகவே முதற்கேள்வி விசிறி வேண்டுமா என்பது; சூரிய ஒளியா, பொது மின்சாரமா என்பது அதற்கு அடுத்ததே. மின்கம்பி எட்டாத கொட்டிலுக்கும், மின்தடை மிகுந்த இடத்திற்கும் சூரியத் தகடு ஏற்றது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்கீழ் கூரையில் தகடு அமைத்த குடும்பத்திற்குத் தொழுவத்திற்கெனத் தனித் தகடு தேவையில்லை.

செய்முறை வரிசை

செலவு குறைந்தவற்றை முதலில் செய்தல் வேண்டும். உயர்ந்த கூரை, தகரத்தின் மேல் ஓலை வேய்தல், திறந்த பக்கங்கள், மரநிழல், தாராளமான குடிநீர் ஆகியவற்றுக்குப் பின்னரே விசிறி. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்குமாதலால் துருப்பிடிக்காத தாங்கிகளும் அவ்வப்போது தகட்டைக் கழுவுதலும் இன்றியமையாதவை.

மானியம் வழங்கும் அதிகாரிகள் பொருத்தப்பட்ட தகடுகளை எண்ணுவதோடு நில்லாமல், விசிறிக்கு முன்னும் பின்னும் கறந்த பாலின் அளவையும் பதிவு செய்வார்களாயின், அடுத்த தொழுவத்திற்கு எது தேவை என்பதை அப்பதிவேடே காட்டிவிடும்.