எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது கேஸ்கட்டில் கவனம்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் கடைமடைக்கு நீர் எட்டாத நாட்களில் ஓடை நீரை இறைத்துச் சம்பாவைக் காக்கவும், அடைமழையில் வயலில் தேங்கிய நீரை வெளியேற்றவும் டீசல் எஞ்சின்கள் உதவுகின்றன. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தைச் சூழ்ந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் ஓட்டலாகாது. சிலிண்டரில் நீர் நிற்கையில் கைப்பிடியைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். பிரிப்பது எளிது, பூட்டுவதே கடினம். நாம் கண்டவரையில், பூட்டிய பின் ஒழுக்கு தொடங்கும் இடம் பெரும்பாலும் கேஸ்கட்டே. 'பேக்கிங்' என்று குடியானவர்கள் வழங்குவதும் இதுவே.

இரு உலோக முகங்கள் எவ்வளவு வழுவழுப்பாகத் தோன்றினும் அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. போல்ட்டின் இறுக்கத்தில் கேஸ்கட் நசுங்கி அவற்றை நிரப்புகிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அவ்வாறு நிரப்பாது. ஆகவே, கழற்றிய ஹெட் கேஸ்கட்டையே மீண்டும் இடுவது வீண் சிக்கனம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இடுவதும் தவறு. சிலிண்டரில் அழுத்தம் குறைந்து எஞ்சின் கிளம்ப மறுக்கும். சைக்கிள் டியூபை வெட்டி இடுவோரும் உளர்! அந்த ரப்பர் டீசலில் ஊறிப் புடைத்துப் பிதுங்கிவிடும்.

பழைய கேஸ்கட்டின் மிச்சத்தை முகத்தில் கீறல் விழாதபடி அகற்ற வேண்டும். பழைய கேஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்தே எடுக்க வேண்டும்; உலரச் சுரண்டலாகாது. போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தங்கியிருப்பின் இறுக்கும்போது வார்ப்பு வெடிக்கக்கூடும். துடைத்துவிடுக.

கையேடு சொன்னாலன்றி ஹெட் கேஸ்கட்டுக்குப் பசை வேண்டாம். ஆயில் சம்புக்கு மெல்லிய பூச்சுப் போதும். மிகுதியான பசை உட்புறம் பிதுங்கி உதிர்ந்து எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

இறுக்குவதில்தான் பலரும் அவசரப்படுகின்றனர். ஒரு நட்டை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லுதல் கூடாது. நான்கு நட்டு இருப்பின் எதிரெதிர் மூலையாக, மூன்று சுற்றில், சிறிது சிறிதாக முடுக்குக. இறுதி அளவு கையேட்டில் உள்ளது. அதைக் காட்டும் டார்க் ஸ்பேனர் ஒருவர் தனியே வாங்கும் பொருளன்று. நாலைந்து கிராமங்களுக்குப் பொதுவாக ஒன்று வைத்துக்கொள்ளப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் யோசிக்கலாம்.

ஓட்டிப் பார்க்கையில் குளிர்விக்கும் நீரில் இடைவிடாது குமிழி வந்தாலோ, எண்ணெய் பால்போல் வெளுத்தாலோ உடனே நிறுத்துக. குறையில்லையேல், சூடேறும்வரை ஓட்டி ஆறவிட்டு, கையேடு கூறியிருப்பின் நட்டுகளை மறுபடி முடுக்குக. அதன்பின் டாப்பட் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். ஹெட் சற்றே இறங்கியிருக்கும்.