வீட்டுப் பாடத்துக்கும் ஒரு ஸபக் நோட்டு



"பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்கிறோம்" என்று சொல்லும் குடும்பங்கள் நம் பகுதியிலும் உண்டு. ஹிஃப்ழு ஓதும் பையன், உடம்புக்கு முடியாத பிள்ளை, அத்தாவின் வியாபாரத்தோடு ஊர் மாறும் வீடு, பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று நிறுத்தப்பட்ட மகள் எனக் காரணங்கள் பல. கடைசியாகச் சொன்னதை நாம் ஒரு காரணமாகவே ஏற்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இப்படி வரும் பெற்றோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: போன வாரம் பிள்ளை என்ன படித்தது? "படித்தது" என்று பதில் வரும். என்ன என்பது வராது. சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எழுதாத வீட்டில் மூன்றே மாதத்தில் பாடம் தேய்ந்து, வீட்டுக் கல்வி என்பது படிப்பை நிறுத்தியதற்கு வைத்த பெயராகிவிடுகிறது.

கொரோனா காலம் இதற்குச் சாட்சி. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அத்தனை மாதமும் நம் வீடுகள்தான் பள்ளிக்கூடம். திறந்த பிறகு எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்ல யாரிடமும் ஏடு இல்லை. 2022 ஜூனில் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துத்தான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. வீட்டில் தொடங்குவோருக்கும் அதுவே முதல் வேலை. நான்காம் வகுப்பு வயது என்பதற்காக நான்காம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மூன்றாம் வகுப்புத் தமிழில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பத்துக் கழித்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்துதான் தொடக்கம். அதைத் தேதியோடு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்? இதற்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. ஹிஃப்ழு மதரஸாவில் ஒவ்வொரு மாணவனின் பாடமும் மூன்றாகப் பார்க்கப்படுகிறது. இன்று புதிதாக ஒப்பிப்பது ஸபக். கடந்த சில நாட்களில் ஓதியது ஸபக் பாரா. அதற்கும் முந்திய பழைய பாடம் மூன்றாவது. அதை ஆமூக்தா என்போரும் உண்டு, மன்ஸில் என்போரும் உண்டு. மூன்றையும் கேட்காமல் உஸ்தாத் மேலே போகமாட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். தாம் என்ன நடத்தினோம் என்று உஸ்தாத் குறிப்பதில்லை. பையன் எதைத் திருப்பிச் சொன்னான், எத்தனை இடத்தில் தட்டினான் என்றுதான் குறிக்கிறார். கணக்குக்கும் தமிழுக்கும் இதே முறை பொருந்தும்.

'திங்கள்: கணக்கு படித்தான்' என்று எழுதினால் பயனில்லை. 'திங்கள்: கடன் வாங்கிக் கழித்தல், 10-க்கு 6 சரி, நடுவில் பூஜ்யம் வந்தால் தடுமாறுகிறான்' என்று எழுதுங்கள். புதன்கிழமை அதே வகையில் ஐந்து கணக்கு. சரியாக வந்துவிட்டால் அடுத்த பாடம். பதினைந்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி இரண்டு கணக்கு. அதுதான் ஆமூக்தா. ஒரு நாளுக்கு நான்கு வரி போதும். தறியிலோ கடையிலோ நிற்கும் தாய்க்கு அதற்கும் நேரமில்லை என்றால், மூத்த பிள்ளையை எழுதச் சொல்லி இஷா முடிந்ததும் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். விட்டுப்போன நாளை 'பாடமில்லை' என்றே எழுதுங்கள். கல்யாண வீடு, காய்ச்சல் என்று காரணமும் இருக்கட்டும். எல்லா நாளும் நிரம்பிய நோட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

திட்டமிடப் பாடநூலே போதும். தமிழ்நாடு அரசின் புத்தகங்கள் ஏழாம் வகுப்பு வரை மூன்று பருவங்களாகவே வருகின்றன. பொருளடக்கத்தில் எந்தப் பாடம் எந்த மாதம் என்றும் அச்சிட்டிருக்கும். அந்த மாதத்தை நான்கு வாரமாகப் பிரித்து, நான்காவது வாரத்தைப் பழைய பாடத்துக்கு விட்டுவிடுங்கள். ஒற்றைப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் நிறைய நடக்கும். ஐந்து மணி நேரம் உட்கார வைப்பது தண்டனை.

வீட்டுப் படிப்பு நமக்குப் புதிதுமல்ல. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் பெண்கள் அரபுத் தமிழில் வீட்டிலிருந்தே மார்க்கக் கல்வி கற்றவர்கள். இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் நூல்கள் அந்த வீடுகளுக்குள் சென்றன. அங்கே நூல் இருந்தது, வரிசை இருந்தது, ஒப்பிக்கக் கேட்க ஆள் இருந்தார். கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் அல்பகரா 282-தான் திருமறையிலேயே நீளமான வசனம். கடைக் கணக்கை நாள் தவறாமல் எழுதும் நாம் பிள்ளைக்குத் தர வேண்டியதை மட்டும் மனக்கணக்காக வைத்திருக்கிறோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆகவே நம் ஆலோசனை எப்போதும் பள்ளிக்கூடம்தான். இடையில் நின்ற பிள்ளைக்கு அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி விடுகிறது: வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம், விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி பெறலாம், 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்புவரை முடிக்கலாம். கடுமையான ஊனமுள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமை 2012 திருத்தத்தில் வந்தது. அதற்கு வட்டார வள மையத்தை அணுகுங்கள்.

பள்ளிக்குத் திரும்ப முடியாதவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. பன்னிரண்டரை வயது நிரம்பியவர் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. ஹாஃபிழ் ஆகும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த நோட்டு சான்றிதழ் ஆகாது. அதைக் காட்டி எந்த அலுவலகத்திலும் வகுப்பு கேட்க முடியாது. ஆனால் பிள்ளை திரும்பப் பள்ளியில் சேரும் நாளில் புதிய ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது என்பதை அது அவருக்குச் சொல்லும். கல்வி உதவி கேட்டு வரும் வீட்டுக் கல்விப் பெற்றோர், இன்ஷா அல்லாஹ் அடுத்த முறை வரும்போது, ஆதார் நகலோடு பிள்ளையின் நோட்டையும் எடுத்து வாருங்கள். கோடு போட்டுத் தயாராக்கிய நோட்டு வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.