‘ஆக’ செய்த குழப்பம்

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கு வந்த என்னைப் போன்றோர்க்கு ஆங்கில வகுப்பு ஒரு கண்டமாகவே இருந்தது. முதலாண்டில் ஒரு பயிற்சி. ‘ஆங்கிலம் எனக்குக் கடினமாக இருக்கிறது’ என்னும் கருத்தில், ‘ஐ ஃபைண்ட் இங்கிலீஷ் வித் டிஃபிகல்டி’ என்று எழுதினேன். “ஆங்கிலத்தை எங்கே தொலைத்தாய் தம்பி, இவ்வளவு சிரமப்பட்டுத் தேடுகிறாயே?” என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. அதன்பின் இரண்டு மாதம் நான் அவ்வகுப்பில் வாய் திறக்கவில்லை.

இப்போது எண்ணிப் பார்த்தால், அப்பிழையில் நம் ‘ஆக’வுக்கும் பங்குண்டு. ‘வீட்டை எளிதாகக் கண்டுபிடித்தேன்’, ‘பாடம் எளிதாக இருந்தது’ ஆகிய இரண்டிலும் நமக்கு ஒரே ‘எளிதாக’ போதும். முன்னது கண்டுபிடித்த விதம். பின்னது பாடத்தின் தன்மை. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடுகிறது. ‘ஐ ஃபவுண்ட் த ஹவுஸ் ஈஸிலி’ என்றால் வீடு சுலபமாகக் கிடைத்தது. ‘ஐ ஃபவுண்ட் த லெசன் ஈஸி’ என்றால் பாடம் சுலபமாயிருந்தது. இந்த ‘ஈஸி’ தான் ‘ஆப்ஜெக்ட் காம்ப்ளிமென்ட்’. செயப்படுபொருளின் நிரப்பி எனலாம். அது வினையைத் தழுவுவதில்லை, செயப்படுபொருளையே தழுவுகிறது. ஆகவே அங்கே வருவது பெயர் அல்லது பெயரடை, வினையடை அன்று.

ஐயம் வந்தால் செயப்படுபொருளுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ‘வாஸ்’ போட்டுப் பாருங்கள். ‘த லெசன் வாஸ் ஈஸி’ பொருந்துகிறது. ‘தே மேட் ஹிம் கேப்டன்’ என்பதில் ‘ஹி வாஸ் கேப்டன்’ பொருந்துகிறது. ‘தே மேட் ஹிம் டீ’ என்பதில் அவர் தேநீராகிவிட மாட்டார்! அங்கே ‘ஹிம்’ என்பது ‘அவருக்கு’. ‘டீ’ மற்றொரு செயப்படுபொருள். டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட ‘த ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்’ என்னும் நூலில், செயப்படுபொருளுக்கும் அதன் நிரப்பிக்கும் இடையே எழுவாய் பயனிலை போன்றதோர் உறவு இருப்பதை விளக்கி, அதற்கு ‘நெக்சஸ்’ என்று பெயரிட்டார்.

இன்னொரு வழுக்குமிடம் ‘ஆஸ்’. ‘தலைவனாக ஆக்கினார்கள்’ என்பதில் உள்ள ‘ஆக’வை மொழிபெயர்த்து, ‘தே மேட் ஹிம் ஆஸ் கேப்டன்’ என்று எழுதிவிடுகிறோம். ‘மேக்’, ‘கால்’ இரண்டுக்கும் இந்த ‘ஆஸ்’ ஆகாது. ‘ரிகார்ட்’டுக்கோ அது இல்லாமல் தீராது. ‘அப்பாயின்ட்’ எப்படியும் இசையும். வினைக்கு வினை வழக்கு வேறு. மனப்பாடம் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சென்ற மாதம் அதே பேராசிரியரிடம் ‘ஐ ஃபைண்ட் இங்கிலீஷ் ஈஸி’ என்று சொல்லத்தான் போனேன். உண்மை அதுவன்று என்பதால், ‘லெஸ் டிஃபிகல்ட்’ என்று மாற்றிச் சொன்னேன். “இலக்கணத்தில் பிழையில்லை” என்றார்.