திரையில் கிளிப்பச்சை, தாளில் மங்கல் பச்சை: ஏன்?

அக்கா மகள் திருமண அழைப்பிதழை நானே கம்ப்யூட்டரில் வடிவமைத்தேன். நடுவில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், சுற்றிலும் கிளிப்பச்சை பார்டர். மானிட்டரில் பளிச்சென்று இருந்தது. செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் 300 பிரதிகள் அடிக்கக் கொடுத்தேன். வந்ததைப் பார்த்ததும் அக்காவின் முகம் வாடிவிட்டது. பச்சை நிறம் வதங்கிய கீரை போல இருந்தது! அச்சகத்தாரிடம் சண்டை போட்டேன். தவறு என்னுடையது என்பது பிறகுதான் புரிந்தது.

புரிய வைத்தவர், மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் மரபு ஓவியம் படித்த நண்பர்.

"சிவப்பு வர்ணத்தையும் பச்சை வர்ணத்தையும் குழைத்தால் என்ன வரும்?" என்று கேட்டார்.

"பழுப்பு" என்றேன்.

"அதையே கம்ப்யூட்டரில் கலந்து பார்!"

நீங்களும் செய்து பாருங்கள்.

1. பெயின்ட் புரோகிராமைத் திறந்து, எடிட் கலர்ஸ் என்பதை க்ளிக் செய்யுங்கள். பழைய விண்டோஸ் என்றால் அடுத்து டிஃபைன் கஸ்டம் கலர்ஸ் பட்டனையும் அழுத்துங்கள்.

2. ரெட் 255, கிரீன் 255, ப்ளூ 0 என டைப் செய்யுங்கள். வருவது பழுப்பு அல்ல, மஞ்சள்!

3. மூன்றிலும் 255 கொடுத்தால் வெள்ளை. மூன்றிலும் 0 கொடுத்தால் கறுப்பு.

காரணம் எளிது. மானிட்டர் ஒளியைத் தருகிறது. ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடும். வர்ணமோ ஒளியை விழுங்குகிறது. விழுங்காமல் விட்டதுதான் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. இரண்டு வர்ணங்களைக் கலந்தால் இரண்டும் விழுங்கும்; நிறம் இருண்டுவிடும்.

பிரின்டர் மையும் வர்ணம்தான். சயான் மை சிவப்பு ஒளியையும், மஞ்சள் மை நீல ஒளியையும் விழுங்க, மிஞ்சுவது பச்சை. ஆனால் மைகள் பச்சை ஒளியிலும் கொஞ்சம் விழுங்கிவிடும். அதனால் திரையில் 0, 255, 0 காட்டும் பச்சை, சாதாரண அச்சில் வரவே வராது.

கோயில் கல்லின் சாம்பல் நிறத்துக்கும் நண்பர் ஒரு வழி சொன்னார். கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் சிமென்ட் போலிருக்கும். நீலத்தில் சிறிது ஆரஞ்சு சேர்த்து, பிறகு வெள்ளை கலந்தால் கல்லுக்கு உயிர் வரும். கம்ப்யூட்டரில் 128, 128, 128 கொடுத்துப் பாருங்கள். அடுத்து 140, 130, 118 கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லாததால் அந்த 300 அழைப்பிதழ்களும் அப்படியே ஊருக்குப் போயின. தாம்பூலப் பைக்கு மட்டும் சற்று அடங்கிய பச்சையைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு மாதிரி அடித்து அக்காவிடம் காட்டினேன். அவர் தலையசைத்த பிறகே மற்றவற்றை அடிக்கச் சொன்னேன். நீங்களும் மானிட்டரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பாருங்கள்.