ஃபுளூ காய்ச்சலுக்கு விலை கூடிய மருந்து லாபமா?

"மருந்து குடிச்சா ஏழு நாள், குடிக்காட்டி ஒரு வாரம்" என்று தடிமன் காய்ச்சலைப் பற்றி நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். காய்ச்சலில் படுத்தால் பேர் போகிறது. மருந்துக்கும் காசு போகிறது. ஆகவே இம்முறை நாம் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

மருந்துகள் எவை?

ஃபுளூ ஒரு வைரஸ். அன்டிபயோட்டிக் மருந்து வைரசைக் கொல்லாது. அதற்குக் கொடுக்கும் காசு வீண். வைரசைத் தடுக்கும் மருந்துகள் வேறு. ஒசெல்டாமிவிர் என்ற கெப்சூலை காலை, மாலை என 5 நாள் எடுக்க வேண்டும். சனாமிவிர் வாயால் உறிஞ்சும் தூள், ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. 2018இல் பாவனைக்கு வந்த பலோக்சாவிர் ஒரே தடவை எடுப்பது.

பலன் எவ்வளவு?

2014இல் கொக்ரேன் ஆய்வாளர்கள் பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒசெல்டாமிவிர் எடுத்த பெரியவர்களுக்கு 7 நாள் வருத்தம் 6.3 நாளாகக் குறைந்தது. சுமார் 17 மணித்தியாலம்தான் மிச்சம்! சனாமிவிரும் ஏறக்குறைய அப்படியே. ஒசெல்டாமிவிர் எடுத்த சிலருக்குக் குமட்டல், வாந்தியும் வந்தது. பலோக்சாவிர் எடுத்த திடகாத்திரமானவர்களும் ஒசெல்டாமிவிர் எடுத்தவர்களைவிடச் சீக்கிரம் எழும்பவில்லை.

கணக்கு எப்படி?

மருந்தின் விலையையும் மிச்சமாகும் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்துக்கு இரண்டு நாள் சம்பளம் போகிறது என்று வைப்போம். மிச்சமாவது முக்கால் நாள் கூட இல்லை. நல்ல தேகசுகம் உள்ளவருக்கு இது நட்டக் கணக்கு.

எல்லோருக்கும் இதே கணக்கா?

இல்லை. முதியவர்கள், ஆஸ்துமா, சீனி வியாதி, இருதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஃபுளூ நிமோனியாவாக முற்றலாம். அங்கே தராசில் இருப்பது ஒரு நாள் பேர் அல்ல, உயிர். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2009இல் செலவையும் பலனையும் எடைபோட்டு, ஃபுளூ பரவும் காலத்தில், வருத்தம் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள், இப்படிப்பட்டவர்களுக்கே இம்மருந்து என்று சொன்னது. தேகசுகம் உள்ள பெரியவர்களுக்கு வேண்டாம் என்றது.

நாம் செய்ய வேண்டியது

சுகதேகிகள் ஓய்வெடுங்கள், நிறைய நீராகாரம் குடியுங்கள், காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் அளவாக எடுங்கள். லயத்தில் வயதானவரோ, கர்ப்பிணியோ, நீண்டநாள் நோயாளியோ காய்ச்சலில் படுத்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், நினைவு தடுமாறினால், யாராயிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பிந்துவதுதான் நமக்குப் பெரிய செலவு.