வாடகையே தவணையைக் கட்டிடுமா?

"வாடகையே தவணையைக் கட்டிடும்" என்று முகவர் சொன்னதை நம்பி, முன்பணத்துக்கு அம்மாவின் நகையைக் கேட்டார் அண்ணன். "பொறுங்கண்ணே, முதல்ல கணக்குப் போடுவோம்" என்றேன்.

வீட்டு விலை 400,000 வெள்ளி. முன்பணம் 10 விழுக்காடு, 40,000. கடன் 360,000; வட்டி 4 விழுக்காடு, 35 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 1,594. வாடகை 1,500 வந்தாலும் மாதம் 94 வெள்ளி துண்டு விழும். பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி தனி. இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 3,000 போச்சு!

முடியலைன்னா வித்துடலாமா? மலேசியாவில் 3 ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு வரி. குடிமக்களுக்கு 6ஆம் ஆண்டிலிருந்துதான் விலக்கு.

ஆறு மாதத் தவணை கையிருப்பு சேரட்டும் என்று அண்ணன் தள்ளிவைத்தார். நகை அம்மாவிடமே இருக்கிறது. நண்பர்களே, கையெழுத்துக்கு முன் கணக்கு!