கார் ஏன் நடுங்குகிறது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோயிலுக்கும் பட்டுக்கும் வருவோரை நம்பி வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் காஞ்சியில் பல உண்டு. என் சித்தப்பாவும் அவ்வாறு பழைய கார் ஒன்றைக் கடனுக்கு வாங்கி ஓட்டுகிறார். சென்ற ஆண்டு அந்தக் கார் மேடேறும்போதும் லாரியை முந்தும்போதும் நடுங்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில் கிளட்சை மாற்றினார்கள், நடுக்கம் நிற்கவில்லை. தவணைக்கு வைத்திருந்த பணம் போயிற்று. இத்தகைய பழுதின் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பதை, வகுப்பில் கற்ற இயற்பியலின் துணைகொண்டு இங்குக் காண்போம்.

நடுக்கம் வரும் வேளை

என் தந்தையார் நெசவாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆயினும் ஆராயும் முறையை நான் முதலில் கண்டது எங்கள் வீட்டுத் தறியில்தான். சேலையில் குறை தெரிந்தால் தந்தையார் உடனே தறியைப் பிரிக்கமாட்டார். குறை நீளவாக்கில் ஓடினால் பாவில் தேடுவார். குறுக்கே ஓடினால் ஊடையில் தேடுவார். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஜக்கார்டு அட்டையைப் பார்ப்பார். காருக்கும் இம்முறை பொருந்தும்.

1. நின்ற இடத்தில், நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போதே நடுங்கினால், குறை எஞ்சினில் அல்லது அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் இருக்கும்.

2. வண்டி கிளம்பும்போது மட்டும் உதறி, கிளட்சை முழுவதும் விட்டதும் நின்றால், கிளட்சைப் பார்க்கவேண்டும்.

3. குறிப்பிட்ட வேகத்தில், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஸ்டியரிங் ஆடினால், சக்கரங்களைப் பாலன்ஸ் செய்யவேண்டும்.

4. மிதிக்கும்போது நடுங்கி, விட்டதும் நின்றால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அல்லது சக்கரத்திற்கு விசையைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் உட்பக்க மூட்டு தேய்ந்துவிட்டது.

சித்தப்பாவின் கார் நான்காம் வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டு காரணங்களையும் பிரித்தறிய ஒரு சிறு கணக்குப் போதும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும். நிமிடத்திற்கு 1800 சுற்று என்றால், நொடிக்கு 30 சுற்று. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் நொடிக்கு 15 உதறல். கியரைக் குறைத்து அதே வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் 2400 சுற்றுக்கு ஏறலாம். அப்போது உதறல் 20 ஆகும். ஆனால் வேகம் மாறாதவரை சக்கரமும் அதன் மூட்டும் முன்போலவே சுற்றும். ஆகவே கியரை மாற்றும்போது நடுக்கத்தின் தாளம் மாறினால் குறை எஞ்சினில். மாறாவிட்டால் சக்கரப் பக்கத்தில். இச்சோதனையைப் போக்குவரத்து இல்லாத நேரான சாலையில்தான் செய்யவேண்டும்.

அழுத்தமும் பொறியும்

நின்றபோது ஒழுங்காக ஓடும் எஞ்சின், சுமை ஏறியதும் தடுமாறுவது ஏன்? இதற்கு விடை பாஷன் விதியில் இருக்கிறது. இரு மின்முனைகளுக்கிடையே பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது என்று ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் பாஷன் 1889இல் காட்டினார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகுகிறது, அழுத்தம் உயர்கிறது, பொறிக்கு வேண்டிய வோல்டும் உயர்கிறது. ஸ்பார்க் பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். தளர்ந்த காயில் சும்மா நிற்கும்போது பொறியைத் தந்துவிடும், மேட்டில் தரமுடியாது. எனவே பட்டறை வாசலில் நிறுத்தி உறுமவிட்டுப் பார்ப்பது போதாது; ஓட்டிப் பார்க்கவேண்டும்.

எரிபொருளும் காரணமாகலாம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் பில்டர் அடைத்திருந்தால், மிதிக்கும் நேரத்தில் தேவையான பெட்ரோல் வந்து சேராது; கலவை மெலிந்து எஞ்சின் திணறும்.

இடம் மாற்றிப் பார்த்தல்

2014இல் உற்பத்தி நின்ற அம்பாஸடரில் பல ஆண்டுகள் கார்புரேட்டரும் ஒரே காயிலும் இருந்தன. நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே 1998இல் ஹூண்டாய் தயாரிக்கத் தொடங்கிய சான்ட்ரோவில் கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் சிலிண்டருக்கு ஒரு காயில் உண்டு. எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்பதையும் கணினி குறித்து வைக்கும். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் அது இரண்டாம் சிலிண்டர்.

இக்குறியீடு நோயுள்ள இடத்தைச் சொல்லுமே தவிர, நோயைச் சொல்லாது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டாம் காயிலை மூன்றாம் இடத்திற்கு மாற்றவேண்டும். பழைய குறியீட்டை அழித்து மீண்டும் ஓட்டவேண்டும். குறியீடு பி0303 ஆனால் குற்றவாளி காயில். பி0302ஆகவே நின்றால் அடுத்துப் பிளக்கை மாற்றிப் பார்க்கவேண்டும், பிறகு இன்ஜெக்டர். சித்தப்பாவின் காரில் குறியீடு காயிலோடு இடம் மாறியது. புதிய காயில் ஒன்றை மாற்றியதும் நடுக்கம் நின்றது.

எஞ்சின் விளக்கு மினுக்கத் தொடங்கினால் வண்டியை மேலும் ஓட்டலாகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், விலை மிகுந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

நண்பர்களே, பட்டறைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேகத்தில், எந்தக் கியரில், மிதிக்கும்போதா விடும்போதா? அந்தத் தாளுக்குச் செலவில்லை. அது இல்லாமல் பாகங்களை மாற்றினால், ஏழை ஓட்டுநரின் ஒரு மாத உழைப்பு போய்விடும்.